அசோபென்சீனைத் திருப்ப: 365 எல்.இ.டி.யா, 405 லேசரா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் ஒளியால் மூலக்கூறைத் திருப்பிக் காட்ட நினைப்பவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான். அசோபென்சீன் ஒளி பட்டால் நீண்ட டிரான்ஸ் வடிவத்துக்கும் வளைந்த சிஸ் வடிவத்துக்கும் இடையே மாறும் மூலக்கூறு. எத்தனாலில் 50 மைக்ரோமோலார் அசோபென்சீன், 1 செ.மீ. குவெட் (கரைசலை வைத்து ஒளி செலுத்தும் சிறு கலம்) என்று வைத்துக்கொள்வோம்.

வேலை:
எல்.இ.டி. (365 நா.மீ., அதாவது நானோமீட்டர் அலைநீளம்): டிரான்ஸ் வடிவத்தைப் பெரும்பாலும் சிஸ் ஆக்கும். 320 நா.மீ. அருகிலுள்ள உறிஞ்சல் உச்சம் தாழ்வதே சான்று.
லேசர் (405 நா.மீ.): இங்கே சிஸ் வடிவமே அதிகம் உறிஞ்சுவதால் சமநிலை டிரான்ஸ் பக்கம் சாயும். லேசர் வலுவானது, ஆகவே மாற்றமும் அதிகம் என்று நம்பி வாங்கி ஏமாறுவது இங்கேதான். திறனைக் கூட்டினாலும் சிஸ்-டிரான்ஸ் விகிதம் மாறாது, வேகம் மட்டுமே கூடும்.

கற்றை:
எல்.இ.டி.: விரிந்து குவெட் முழுதும் படும். வெப்பம் கடத்தும் தகடு இல்லையென்றால் சூடேறி வெளிச்சம் குறையும்.
லேசர்: 2 மி.மீ. புள்ளி. காந்தக் கலக்கி இல்லாவிட்டால் அந்த இடம் மட்டுமே மாறும். ஃபோட்டான்களை எண்ண இதுவே வசதி.

கண்: 50 மில்லிவாட் லேசர் 3பி என்னும் ஆபத்து வகுப்பு, பிரதிபலிப்பும் ஆபத்து. 365 எல்.இ.டி.க்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பனிமூட்ட நாளில் குளிர்ந்த குவெட்டில் ஈரம் படியும்; ஒளி சிதறி அளவீடு கெடும். துடைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் அளக்கவும். குளிரில் சிஸ் தானாகத் திரும்புவது மெதுவாவது மலைக்கு ஆதாயம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 365 எல்.இ.டி. வாங்கலாம். சிஸ்ஸை மீண்டும் டிரான்ஸ் ஆக்கவும் குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு மாறின என்ற விகிதம்) அளக்கவும் 405 லேசர். 1992-ல் ஆய்வாளர்கள் ஜட்சனும் ராபிட்ஸும் முன்வைத்ததுபோல் லேசர் துடிப்பை வடிவமைத்து வினையை வழிநடத்த இரண்டும் போதாது. அதற்கு மிகமிகக் குறுகிய துடிப்புகள் தரும் ஃபெம்டோசெகண்ட் லேசர் வேண்டும்.