3எம் 6200 அரைமுக மாஸ்க்: மருந்தடிக்கும் மலைக்கும் சலிக்கும் அறைக்கும்

தேயிலை மலையில் மருந்தடிக்கும் ஆளுக்கும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கும் பெண்ணுக்கும் ஒரே வகை மாஸ்க் வாங்கலாமா? முகப்பகுதியை ஒரே வகையாக வாங்கலாம், வடிகட்டியை வேறு வேறாகத்தான் வாங்க வேண்டும். 3எம் 6200இன் பலமே அதுதான். முகத்தில் படியும் மெத்தென்ற பகுதியின் இரு பக்கமும் திருகிப் பூட்டும் வாய் இருக்கிறது. வேலை மாறினால் வடிகட்டியை மாற்றிக்கொண்டால் போதும். வாங்கும்போது பிழை நடப்பதும் இந்த இடத்தில்தான்.

கடையில் “மருந்தடிக்கிற மாஸ்க்” என்று கேட்டால், 6001 என்ற கறுப்புப் பட்டி போட்ட காட்ரிஜ் (வடிகட்டி டப்பி) இரண்டைப் பூட்டித் தந்துவிடுவதுண்டு. அதற்குள் இருப்பது கரி. கரி இரசாயன ஆவியைப் பிடிக்கும், பம்பு நுனியிலிருந்து புகை போல வரும் துளியைப் பிடிக்காது. கரித்துணுக்குகளின் இடுக்கு வழியாக அந்தத் துளி உள்ளே போய்விடும். அதனால் 6001இன் முன்னால் 5என்11 வடிதட்டை வைத்து, 501 என்ற பிளாஸ்டிக் மூடியால் அழுத்திப் பூட்ட வேண்டும். எண்ணெய் கலந்த மருந்தென்றால் 5என்11க்குப் பதிலாக 5பி71. மூடி தனியாக விற்கப்படுவது. அதை விட்டுவிட்டு வடிதட்டை மட்டும் வாங்கிப் போனால் மாட்ட வழியில்லை.

கிளைபோசேட் மட்டும் அடிப்பதானால் கணக்கு வேறு. இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்ட இந்தக் களைகொல்லி ஆவியாவது மிகக் குறைவு. இங்கே மூச்சுக்கு ஆபத்து துளியால்தான். எனவே கரிக் காட்ரிஜை விட இளஞ்சிவப்பு நிற 2091 வட்டத்தட்டு பொருத்தம். எடையும் குறைவு, ஏற்றமான மலையில் மூச்சும் இலகுவாக வரும். ஆனால் போத்தலின் லேபிள் கரிக் காட்ரிஜ் கேட்டால் லேபிள் சொல்வதே முடிவு. சலிக்கும் அறைத் தூசுக்கும் 2091 போதும், அங்கே 6001க்குக் காசு செலவழிப்பது வீண்.

அளவைக் கவனியுங்கள். 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. எல்லோருக்கும் நடுத்தரத்தை வாங்கிக் குவித்தால், ஒடுங்கிய முகமுள்ள பெண்களுக்கு மூக்குத் தண்டின் ஓரமாகக் காற்றுக் கசியும். சரியாகப் பொருந்திய அரைமுக மாஸ்க் உள்ளே வரும் நஞ்சை வெளியில் இருப்பதன் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதே கணக்கு. பொருந்தாவிட்டால் அந்தக் கணக்குச் செல்லாது. தாடிக்கும் இதே கதி. இரண்டு நாள் முளைத்த மயிர் கூட விளிம்பைத் தோலிலிருந்து தூக்கிவிடும். துவாயைத் தலையில் கட்டி அதன்மேல் பட்டியைப் போட்டால் வழுக்கி இறங்கும். முதலில் பட்டி, பிறகு துவாய்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலேயே பார்த்துவிடக்கூடிய சோதனை இரண்டு. நடுவில் உள்ள, மூச்சு வெளியேறும் வால்வை உள்ளங்கையால் மூடி மெதுவாக ஊதினால் மாஸ்க் சற்று உப்ப வேண்டும், ஓரத்தில் காற்று வரக்கூடாது. அடுத்து இரு காட்ரிஜ்களையும் உள்ளங்கைகளால் மூடி மூச்சை உள்ளே இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும். 2091 என்றால் அதன் நடுக்குழியைப் பெருவிரலால் அழுத்தினால் போதும். கசிந்தால் கீழ்ப்பட்டியை மேலும் இறுக்குவதுதான் வழக்கம். அது பெரும்பாலும் மேற்பக்கக் கசிவைக் கூட்டும். இரண்டு பட்டியையும் தளர்த்தி, மூக்கிலிருந்து புதிதாக மாட்டுங்கள்.

நம் மலைநாட்டில் பெரிய எதிரி ஈரம். கரி ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் பனிமூட்டமும் சாரலும் உள்ள மாதங்களில் காட்ரிஜ் சீக்கிரம் தளரும். மணம் வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கக்கூடாது, பல மருந்துகளுக்கு மணமே இல்லை. வேறு அறிவுறுத்தல் இல்லாதபோது மொத்தம் 8 மணித்தியாலப் பாவனைக்குப் பின் கரிக் காட்ரிஜை மாற்றச் சொல்கிறது அமெரிக்க விவசாயத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. முதன்முதலில் மாட்டிய திகதியையும் நேரத்தையும் காட்ரிஜிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். வேலை முடிந்ததும் காட்ரிஜைக் கழற்றிக் காற்றுப் புகாத பையில் போட வேண்டும். மருந்து அறையின் ஆணியில் தொங்கவிட்ட மாஸ்க், யாரும் போடாமலே இரவு முழுக்க ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

முகப்பகுதியை இளஞ்சூட்டு நீரிலும் சாதாரண சவர்க்காரத்திலும் கழுவலாம், காட்ரிஜைக் கழுவவே கூடாது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கழுவ வேண்டாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது. வால்வின் மெல்லிய தகட்டில் உப்பும் தூசும் படிந்தால் அது மூடாமல் நிற்கும், துடைத்துவிட்டு மடிப்போ கிழிசலோ உண்டா என்று பாருங்கள்.

குறை என்றால், நீண்ட நேரம் போட்டால் உள்ளே வியர்த்து நாடியில் நீர் வடியும். மூக்குப் பகுதி உயர்ந்திருப்பதால் கண்ணாடியும் சரியாக அமராது. 7502 என்ற சிலிகோன் மாஸ்க் மிருதுவானது, விலை கூடியது. தினமும் மருந்தடிக்கும் நிரந்தர அணிக்கு அதைச் சிபாரிசு செய்வேன்.

ஒரு தோட்டத்தின் பாதுகாப்புக் காசு முழுவதையும் மாஸ்கில் போடுவதை மட்டும் ஏற்க முடியாது. முதுகுப் பம்பால் அடிக்கும்போது உடம்பில் சேரும் நஞ்சில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது: மருந்து கலக்கும் கை, ஈரச் செடியில் உரசும் கால், மூடி கசிந்து நனையும் முதுகு. முழங்கை வரை வரும் 15 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) தடிப்புள்ள நைட்ரைல் இறப்பர் கையுறை, சப்பாத்துக்கு வெளியே விட்ட காற்சட்டை, பம்பு மூடிக்குப் புது வாஷர் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். சலிக்கும் அறையிலும் தூசு உறிஞ்சும் விசிறியும் குழாயும் ஒழுங்காக ஓட வேண்டும், அது பழுதாகிக் கிடக்கும்போது மாஸ்க் கொடுத்துச் சமாளிக்கக்கூடாது.

ட்ரையர் அடுப்பின் உட்புறம், கழிவுநீர்க் குழி, மூடிய தாங்கி: இந்த இடங்களுக்கு 6200ஐப் போட்டுக்கொண்டு யாரையும் இறக்காதீர்கள். இது ஒட்சிசன் தராது, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவையும் தடுக்காது.