எழுத்தில்லாக் காசு: கென்னடி அரை டொலரா, கம்பனி ரூபாவா?

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விளிம்பு ஏறக்குறையப் பொருந்தும். விட்டம் 30 மில்லிமீற்றர் சொச்சம். ஒன்று அமெரிக்காவின் கென்னடி அரை டொலர், மற்றது பிரித்தானிய அரசர் நான்காம் வில்லியத்தின் தலையுடன் 1835 என்று பொறித்த கிழக்கிந்தியக் கம்பனி ரூபா. கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தில் எழுத்து (வடிவமைத்தவர் அல்லது நாணயச்சாலை அதிகாரியின் பெயரின் முதலெழுத்து) விடுபட்ட காசு தேடத் தொடங்கும் பெடியளுக்கு நான் முதலில் சொல்வது அரை டொலரைத்தான். எங்கட மண்ணில் புழங்கிய காசை விட்டுவிட்டு ஏன் அமெரிக்கன் காசு என்று கோபிப்பவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது.

அரை டொலரின் பின்பக்கத்தை வடிவமைத்தவர் பிராங்க் கஸ்பாரோ. கழுகின் வாலுக்கும் காலுக்கும் இடையில் எப்.ஜி. என்று கடுகளவில் அவருடைய எழுத்து நிற்கும். 1966இல் சேகரிப்பாளருக்கென வந்த சிறப்புத் தொகுதி, 1972 டென்வர் நாணயச்சாலை, 1982 பிலடெல்பியா நாணயச்சாலைக் காசுகள் சிலவற்றில் அது இல்லை. காசு அடிக்கும் அச்சின் முகத்தில் கீறல் விழுந்தால் நாணயச்சாலையில் அதைத் தேய்த்து மினுக்குவார்கள். காசில் மேடாகத் தெரியும் எழுத்து அச்சில் பள்ளம். தேய்க்கத் தேய்க்க, ஆழம் குறைந்த பள்ளந்தான் முதலில் காணாமல் போகும். அதன்பிறகு அந்த அச்சில் அடித்த காசு எதிலும் எழுத்து வராது. அந்தப் பள்ளத்தில் கிறீஸ் அடைத்தாலும் எழுத்து விழாது. ஆனால் அதில் பெரும்பாலும் மங்கலான நிழல் மிஞ்சும், கிறீஸ் கழன்றதும் எழுத்து திரும்பி வரும். அப்படியானதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

உருப்பெருக்கியில் பாருங்கள். கழுகின் உயர்ந்த இறகுகள் கூராக இருக்க, எழுத்தின் இடமும் பக்கத்து மெல்லிய கோடுகளும் மட்டும் மெலிந்திருந்தால் அது அச்சின் வேலை. அமெரிக்கர்களே இந்தக் காசைக் கடையில் அதிகம் நீட்டுவதில்லை. அதனால் தேய்மானம் குறைவு, இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும்.

கம்பனி ரூபாவில் எழுத்து அரசரின் கழுத்து வெட்டில், அதாவது தலையுருவம் கீழே முடியும் விளிம்பில், இருக்கும். எப் என்றால் போர்ப்ஸ், ஆர்.எஸ். என்றால் ரொபேர்ட் சோண்டர்ஸ். இவர்கள் வடிவமைப்பாளர்கள் அல்ல, கல்கத்தா நாணயச்சாலையின் அதிகாரிகள். எப் மேடாகவும் வரும், பள்ளமாகவும் வரும். எழுத்தே இல்லாததும் பட்டியல்களில் தனி வகை. சிக்கல் அங்கேதான். எங்களிடம் மிஞ்சியவை பெட்டியில் சும்மா கிடந்த காசுகள் அல்ல. வளையம் ஒட்டிக் கழுத்தில் தொங்கியவை, பத்தர் மினுக்கியவை, புளி போட்டுத் தேய்த்தவை. மேடான எப் தேய்ந்து போயிருந்தால், எழுத்தில்லாமல் பிறந்த காசிலிருந்து அதைப் பிரிப்பது பெரும்பாடு. பள்ள எழுத்து அவ்வளவு லேசில் அழியாது. ஆகவே ரூபா வாங்குபவர் எழுத்து உள்ளதையே வாங்குங்கள். ‘எழுத்தில்லாதது, அபூர்வம்’ என்று விலை சொன்னால் பேசாமல் எழும்பி வாருங்கள்.

ஒன்றில் மட்டும் ரூபா வெல்லும். 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வகை பிழையாகப் போனாலும் வெள்ளிக் காசு மிஞ்சும். 1972 அரை டொலரில் வெள்ளியே இல்லை. எழுத்து இருந்துவிட்டால் அது வெறும் 50 சதம், அதையும் முல்லைத்தீவில் யார் மாற்றித் தருவார்? ஆனால் வார்ப்புப் போலிகளும் ரூபாவில்தான் அதிகம். தராசு இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். 1818 என்று போட்டு அனுமார் படத்துடன் வரும் ‘கம்பனிக் காசு’ கம்பனி அடித்ததே அல்ல.

லிங்கன் சதத்தைச் சிலர் மூன்றாவதாகச் சொல்வார்கள். 1909இல் வி.டி.பி. என்ற வடிவமைப்பாளரின் எழுத்தை வேண்டுமென்றே எடுத்தார்கள், 1918இல் தோளில் திரும்ப வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 1909 சதத்தில் எழுத்து உள்ளதுதான் அரிது: 484,000 காசுதான் அடித்தார்கள். இல்லாததைத் தேடுபவருக்கு அதில் வேலையில்லை.

அமெரிக்காவில் சொந்தக்காரர் இருந்தால், ஏலத்தில் வாங்கச் சொல்லாதீர்கள். வங்கியில் கேட்டால் அரை டொலர் முகப்பெறுமதிக்கே சுருளாகக் கிடைக்கும். அவர்களையே பிரித்து, வால்பக்கத்தைக் கிட்டவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேறியது மட்டும் ஊருக்கு வந்தால் போதும், மிச்சத்தை அவர்கள் அங்கேயே செலவழிக்கலாம்.