லாங் ஷாஃப்ட் மோட்டார், தாழ்ந்த டிரான்சம்: ஜாக் பிளேட் எந்த அளவுக்கு உதவும்?

20 அங்குல லாங் ஷாஃப்ட் (நீளத் தண்டு) படகு மோட்டாரை 15 அங்குல டிரான்சமில், அதாவது மோட்டாரைத் தாங்கும் படகின் பின்சுவரில், மாட்டியாக வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவே மாட்டி, கையால் திருகி உயர்த்தும் ஜாக் பிளேட்டைத் தாராளமாக வாங்கலாம். ஷார்ட் ஷாஃப்ட் மோட்டாரும் உயரமான டிரான்சமும் இருப்பவர்கள் இதில் காசைக் கரைக்க வேண்டாம். மோட்டாரைத் தூக்கத்தான் இது ஏற்பட்டது, இறக்குவதற்கு அல்ல.

வாங்கும் முன் டேப்பை எடுங்கள். டிரான்சமின் மேல் விளிம்பில், நட்டநடுவில் தொடங்கி படகின் அடிப்பாகம் வரை அளக்க வேண்டும். ஓரத்தில் அளந்தால் வி-வடிவ அடிப்பாகத்தில் கணக்கு தப்பும். மோட்டாரில், பிராக்கெட் டிரான்சமின் மேல் உட்காரும் இடத்திலிருந்து புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான பிளேட் வரை. கீழ்முனை வரை அளந்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. ‘15 அங்குலம்’ என்று விற்கும் சில சிறிய மோட்டார்களில் இந்த அளவு 17 அங்குலம் வரை இருக்கும். பெயரை நம்பாமல் அளந்து பாருங்கள்.

புரொப்பல்லருக்கு மேலே உள்ள அந்தத் தட்டையான பிளேட் படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். 5 அங்குலம் கீழே தொங்கினால் இழுவை கூடும், தண்ணீர் பீய்ச்சியடிக்கும், ஆழமில்லாத இடத்தில் தரை தட்டும். அளவுக்கு மேல் ஏற்றினாலோ புரொப்பல்லர் காற்றை இழுக்கும்: மோட்டார் அலறும், படகு நகராது. குளிர்விக்கும் தண்ணீர் போகும் துளைகளும் மேலே வந்துவிட்டால் இன்ஜின் சூடேறும்.

நல்ல ஜாக் பிளேட்டில் 5 அங்குலத்துக்குக் குறையாத ஏற்றம் இருக்கும். நடுவிலுள்ள போல்ட்டைத் திருகினால் ஏறும், பக்கப் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். எடையைத் தாங்க வேண்டியவை பக்கப் போல்ட்டுகள்தான். அவற்றை இறுக்காமல் ஓட்டக் கூடாது. அரை அரை அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில் நேராகவும் வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். வளைவில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) திடீரென எகிறினால் அரை அங்குலம் இறக்குங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று காட்டும் சோதனைத் துளையிலிருந்து வரும் தண்ணீர் மெலிந்தாலும் அப்படித்தான்.

ஜாக் பிளேட்டின் பெரிய குறை, மோட்டாரைப் பின்னால் தள்ளி வைப்பது. 5 அங்குலம் தள்ளினாலே டிரான்சமின் மேல் நெம்புவிசை கூடும். சிறிய படகில் பின்பக்கம் அமிழும். டிரான்சமைச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டொப்’பென்று மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மரம் ஊறியிருக்க வாய்ப்புண்டு, அதைச் சரிசெய்யாமல் பிளேட்டை மாட்டாதீர்கள். இன்னொன்று, மோட்டார்தான் உயருகிறது, டிரான்சம் அதே தாழ்வில்தான் இருக்கிறது. பின்னாலிருந்து வரும் அலை முன்பு போலவே உள்ளே ஏறும்.

மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட், உட்புறம் அகலமான வாஷர், நைலாக் நட்டு (தானாகக் கழலாத நட்டு), துளை முழுக்க மரைன் சீலன்ட். ஸ்டெயின்லெஸ் மரைகளில் ஆன்டி-சீஸ் பசை தடவாவிட்டால் நட்டு பாதியில் இறுகி நின்றுவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியாக ஸ்டீயரிங் கேபிள், கியர் கேபிள், பெட்ரோல் குழாய் மூன்றையும் பாருங்கள்: மோட்டாரை முழுவதும் திருப்பி, முழுவதும் தூக்கிய நிலையிலும் அவை விறைக்கக் கூடாது.