மெட்ரிக் பள்ளியா, அரசுப் பள்ளியா?

மகளை ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்தோம். ஆறாம் வகுப்புக்கு ஊரிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். இப்போது எட்டாவது படிக்கிறாள். எது நல்லது என்று கேட்டால், அரசுப் பள்ளி என்றுதான் சொல்வேன்.

கட்டணம், வேன் செலவு பற்றியெல்லாம் சொல்லத் தேவையில்லை. இங்கிலீஷ் பேச்சிலும் கழிப்பறைச் சுத்தத்திலும் மெட்ரிக் பள்ளிதான் மேல். சமச்சீர் கல்வி வந்த பிறகு பாடத்திட்டம் இரண்டிலும் ஒன்றே.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஆசிரியர் சம்பளம். பழைய பள்ளியில் கணக்கு மிஸ் வருடத்தின் நடுவிலேயே மாறிவிடுவார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பி.எட். முடித்தவருக்கு ஜவுளிக்கடைச் சம்பளம் கொடுத்தால், வேறு வேலை கிடைத்ததும் போகத்தானே செய்வார்? புதிதாக வருபவர் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. தகுதித் தேர்வு எழுதி வந்தவர் அந்த வேலையை எளிதில் விடமாட்டார். ஆறாம் வகுப்பில் பின்னத்தில் திணறியவள் என்று தெரிந்த அதே டீச்சர்தான் இப்போது என் மகளுக்கு இயற்கணிதம் நடத்துகிறார். எந்த டியூஷனிலும் இது கிடைக்காது.

ஆனால் எல்லா அரசுப் பள்ளியும் இப்படி இல்லை. காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களைக் குறைந்த தொகுப்பூதியத்தில் போடுகிறார்கள். அப்புறம் அங்கேயும் மெட்ரிக் பள்ளியின் கதைதான். சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் கணக்கு, அறிவியல், ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையும் பார்த்துவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அதன் பொது விதி. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இந்த ஆண்டுகள் கணக்கில் வரும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ எப்படி என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. ஆய்வகமும் நீட் பயிற்சியும் எந்த அளவுக்கு இருக்கும் என்பதை அவள் அங்கே போனபிறகுதான் பார்க்க வேண்டும். பத்தாவது வரை இவளை இங்கிருந்து மாற்றுவதாக இல்லை.