மொறிஸ் மைனருக்கு நிசான் எஞ்சின்: டிக்கோயா வழியில் ஒரு கராஜ்

பழைய மொறிஸ் மைனர் காருக்கு நிசான் எஞ்சின் போடுவது நம் நாட்டில் புதிய விஷயமில்லை. போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து அளந்து பார்க்கும் ஆள்தான் அபூர்வம். ஹட்டனில் இருந்து டிக்கோயா போகும் வழியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் அப்படி ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், இருக்கிறார்.

எங்கள் காரில் இருப்பது 1098 சிசி எஞ்சின். கினிகத்தேனை ஏற்றத்தில் ஆள் ஏற்றினால் முனகும். நிசான் சனி (Sunny) காரின் ஏ12 எஞ்சினையும் ஐந்து கியர் பொக்ஸையும் போடலாமா என்று கேட்கப் போனேன். 1171 சிசிதான், வித்தியாசம் சின்னது. ஆனால் அதன் கிராங்க், அதாவது எஞ்சினைச் சுற்றவைக்கும் தண்டு, ஐந்து பேரிங்கில் உறுதியாகச் சுற்றுகிறது, மொறிஸுக்கு மூன்றுதான்.

பாஸ் விலை பேசவில்லை. ஜாக் அடித்து முன் சில்லைக் கழற்றி பிரேக் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "ஏறுறது சரி அண்ணே, எறங்கும்போது எப்படி நிப்பாட்டுவீங்க?" முன்னால் டிஸ்க் பிரேக் போடாமல் எஞ்சினில் கைவைக்க மாட்டாராம்.

அப்புறம்தான் அளவு நாடா வெளியே வந்தது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் எவ்வளவு இடைவெளி, கியர் லீவர் எங்கே வந்து நிற்கும், பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு மட்டையில் கிறுக்கினார். நான் தோட்ட பெக்டரியில் எலெக்ட்ரிஷன், வயரிங் பேச்சில் ஆளை மடக்கலாம் என்று காத்திருந்தேன். மனுஷன் கேட்காமலே சொல்லிவிட்டார்: எங்கள் காரில் பெட்டரியின் பொசிட்டிவ்தான் பாடிக்குப் போகிறது, பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் நிசான் ஆல்டர்னேட்டருக்கு அதை நெகட்டிவாக மாற்ற வேண்டும், பழைய ரேடியோ அதற்கு ஒத்துவராது, கழற்றிவிட வேண்டும்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையும் இங்கேயே டியூன் பண்ணச் சொல்கிறார். கொழும்பில் சரியாக வைத்தது, 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால் பெற்றோலைக் குடித்துக் கரும்புகை கக்கும்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கமாட்டார். எஸ்டிமேட்டை எழுதித் தரச் சொன்னால் முகம் சுருங்கும். லேத் வேலை கண்டிக்குப் போய் வர வேண்டும், அது எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாது. அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிவராது.

கொழும்பில் பழைய வாகன பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் எடுப்பவர்கள் பில்லை மறக்காமல் வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புது எஞ்சின் இலக்கத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். இதையும் பாஸ்தான் சொன்னார். அளந்ததற்குக் காசு கேட்கவில்லை. டீக்கு என்று நானாகக் கொடுத்தேன். இப்போது டிஸ்க் வேலை நடக்கிறது, எஞ்சின் இன்னும் வாங்கவில்லை.