லாங் வயர் ஆன்டெனா கிட் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

"10 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சுத்தமான செம்புக் கம்பி, மின்னல் பாதுகாப்பு உண்டு, வந்து மாட்டித் தருவது இலவசம்." இப்படிச் சொல்லி ஒரு லாங் வயர் ஆன்டெனா கிட் (நீளமான ஒற்றை வயரை வெளியே கட்டி ரேடியோவில் இணைப்பது) தென் மாவட்டத்து ஹாம் ரேடியோ ஆட்களிடம், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு செய்கிறவர்களிடம், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை 6,800 ரூபாய். நான் வாங்கினேன். எதுவுமே சொன்னபடி இல்லை. விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை, அது புகாரில் இருக்கிறது. ஆனால் இதே சரக்கு வேறு வேறு பெயரிலும் வருகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதனால் பெயரைவிடச் சரக்கை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் அந்த டெமோ வீடியோ. கேட்கிற எல்லோருக்கும் அதைத்தான் அனுப்புகிறார்கள். எஸ்டிஆர் வாட்டர்ஃபாலில் (கம்ப்யூட்டரோடு வேலை செய்யும் ரிசீவர் சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரை) 18.2 கிலோஹெர்ட்ஸில் பளிச்சென்று ஒரு தடித்த பட்டை, அப்புறம் 1053 கிலோஹெர்ட்ஸில் கணீரென்று பேச்சு. "பாருங்க சார், லோ ஃப்ரீக்வென்சியில எப்படி வாங்குது" என்று கூடவே ஒரு குரல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 18.2 என்பது திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப 1990-இல் தொடங்கியது. கடலுக்கு அடியில் இருக்கிறவனுக்கே எட்ட வேண்டும் என்று கட்டிய நிலையத்தை, அதிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் உள்ள தூத்துக்குடியில் எந்தத் துண்டு வயரை நீட்டினாலும் பிடிக்கலாம். 1053 தூத்துக்குடி வானொலி, 200 கிலோவாட் சக்தி. இந்த இரண்டையும் காட்டி ஒரு ஆன்டெனா நல்லது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. டெமோ கேட்பதாக இருந்தால் 518 கிலோஹெர்ட்ஸில் கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் நாவ்டெக்ஸைக் கேளுங்கள், 200 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள விமான நிலைய பீக்கன்களில் (விமானங்களுக்குத் திசை காட்டும் சிக்னல்கள்) வெளியூர் ஒன்றைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு 1840 கிலோஹெர்ட்ஸில் எஃப்டி8 (மெல்லிய சிக்னலிலும் எட்டும் ஹாம் டிஜிட்டல் முறை) கேளுங்கள். அதுவும் வயரைக் கழற்றியும் மாட்டியும் காட்டச் சொல்லுங்கள்.

கிட் வந்தது. வயரையும் ரிசீவரையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருப்பு பிளாஸ்டிக் பெட்டி, மேலே "9:1, 10 கிஹெ" என்று, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் விகிதமும் 10 கிலோஹெர்ட்ஸும் போட்டு, அழகான ஸ்டிக்கர். மூடியைத் திறக்க முடியாதபடி எபாக்ஸி என்ற இறுகும் பசையை ஊற்றியிருந்தார்கள். மாட்டிப் பார்த்ததில் 518-இல் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் கேட்டது. அதற்குக் கீழே போகப் போக, பெட்டி வழியாக வருவதைவிட வயரை நேராக ரிசீவரில் செருகினால் நன்றாகக் கேட்டது. 136 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை 2007-லும், 472 முதல் 479 வரை 2012-லும் உலக வானொலி மாநாடுகளில் அமெச்சூர்களுக்கு, அதாவது ஹாம் ஆட்களுக்கு, ஒதுக்கியவை. இந்த இரண்டு பேண்டுகளின் (அலைவரிசைப் பட்டைகளின்) பெயரையும் சொல்லித்தான் கிட்டை விற்கிறார்கள்.

ஆக்சா பிளேடால் பெட்டியை அறுத்தேன். உள்ளே மஞ்சள் வளையம், ஒரு பக்கம் வெள்ளை. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே வளையம்தான், 26 ரக இரும்புத்தூள் கோர். அங்கே மின்னோட்டத்தைச் சீராக்கும் டிசி சோக்காக நன்றாக வேலை செய்யும், இங்கே அதற்கு வேலையே இல்லை. மூன்று இழையாக ஒன்பது சுற்று சுற்றியிருந்தார்கள். அந்த அளவு வளையத்தில் ரிசீவர் பக்கத்து ஒன்பது சுற்றுக்கு 7.5 மைக்ரோஹென்றி சுமாராக வரும். 136 கிலோஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் (சிக்னலுக்கு அந்தச் சுற்று காட்டும் தடை) 6 ஓம், 18 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஓம்கூட இல்லை. 50 ஓம் ரிசீவருக்கு, வேலை செய்ய வேண்டிய மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அது 200 ஓமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வருகிற சிக்னலை இந்தச் சுற்றே ஷார்ட் செய்துவிடுகிறது. 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஒப்பேற்றும், அவ்வளவுதான். "10 கிஹெ" என்று ஸ்டிக்கர் அடித்தவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தெரியாதவர் எபாக்ஸி ஊற்றி மூடமாட்டார்.

ஒன்று கவனிக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, வயர் முனைக்கும் எர்த் முனைக்கும் ஷார்ட் காட்டுகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள். இரு பக்கமும் ஒரே தொடர் சுற்றாக இருக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகைக்கு அது இயல்பு. கோர் என்ன ரகம், எத்தனை சுற்று என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மின்னல் பாதுகாப்பு என்றார்களே, அதற்கான கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (அதிக மின்னழுத்தம் வந்தால் எர்த்துக்குத் திருப்பிவிடும் சிறு குழாய்) இருக்க வேண்டிய இடத்தில் போர்டில் இரண்டு ஓட்டைகள் மட்டும். டியூப் இருந்தாலும் நேரடி மின்னலுக்கு அது தாங்காது, இடிமழை நெருங்கும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் இருக்கிறது என்று நம்பிக் கழற்றாமல் விட்டவர்களின் ரிசீவர் கதி என்ன?

கம்பியைப் பற்றி. "1 சதுர மில்லிமீட்டர், அசல் செம்பு, 30 மீட்டர்" என்றார்கள். பிளேடால் ஒரு முனையைச் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டரை உரித்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், செம்பு என்றால் 9 கிராம் வர வேண்டும், அலுமினியம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வெறும் ரிசீவிங்குக்கு அலுமினியமும் போதும் என்பது நியாயமான வாதம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்பு விலை வாங்கிவிட்டு அதைக் கொடுக்கக் கூடாது. அதோடு எங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்த இணைப்பு சீக்கிரமே வெள்ளைப் பொடியாகி விட்டுவிட்டது.

இவ்வளவும் பணத்தோடு போகிற விஷயம். மாட்ட வந்த பையன் செய்யப் பார்த்ததுதான் என்னை இதை எழுதவே வைத்தது. மொட்டைமாடியிலிருந்து தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வேப்பமரத்துக்குக் கல்லைக் கட்டி வயரை வீசப் போனான். நடுவில் ஈபி லைன் போகிறது. தடுத்தால், "இன்சுலேஷன் போட்ட வயர்தானே அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்கிறான். அந்த பிளாஸ்டிக் உறை மேல்நிலை மின்கம்பிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. காற்றில் அறுந்து லைன் மேல் விழுந்தால் கீழே ரேடியோவைத் தொட்டுக்கொண்டிருப்பவர் உயிர் போகும், வீசும்போதே பட்டால் அவன் உயிர் போகும். கல்லை வாங்கி வைத்துவிட்டேன். அடுத்து எர்த் வேண்டும் என்று சமையலறை பிளக்கின் எர்த் முனையில் சொருகினான். வீட்டில் இருக்கிற எல்ஈடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் இரைச்சலும் அந்த வழியாகவே ரிசீவருக்குள் வந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனவன், வேலை முடிந்தது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை, பயிற்சி கொடுக்காமல் அனுப்பியவர்தான் பொறுப்பு. விற்றவரிடம் போனில் கேட்டபோது, "பெட்டியை அறுத்துட்டீங்க, வாரண்டி போச்சு சார்" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார். ரசீது, உரையாடல், அறுத்த பெட்டியின் படம் எல்லாவற்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

இப்போது மேலே இருப்பது நானே கட்டியது. சாதாரண வீட்டு வயர், ஈபி லைனுக்கு எதிர்ப்பக்கம் கொல்லைத் தென்னைக்குப் போகிறது. 77 ரக ஃபெரைட் வளையத்தில் ரிசீவர் பக்கம் 15 சுற்று, வயர் பக்கம் 45 சுற்று, இரண்டும் தனித்தனியாக. தோட்டத்தில் ஆன்டெனாவுக்கென்று தனி எர்த் கம்பி. 136-க்கு 2,200 மீட்டர் அலைநீளம், அதற்கு முன்னால் 30 மீட்டர் வயர் ஒன்றுமே இல்லை, எந்த 9:1-ம் அதை "மேட்ச்" செய்யாது. ஆனால் இந்தக் குறைந்த அதிர்வெண்களில் வானத்து இரைச்சலே அதிகம் என்பதால் ரிசீவிங்குக்கு அது பெரிய குறையில்லை. வீட்டு இரைச்சலைக் குறைப்பதில்தான் பலன் இருக்கிறது.

அதே ஆட்கள் ஏற்கெனவே உங்கள் வீட்டில் மாட்டியிருந்தால், இன்றைக்கே மொட்டைமாடிக்குப் போய் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ போனால் நீங்கள் தொட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். ஈபி அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு அவர்களை வைத்தே கழற்றுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால்.