ரிச்சி தெருவில் சார்ஜிங் பின் ரிப்பேர்: 450 ரூபாய்க்கு என்ன வேலை செய்து தந்தார்கள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலையில் ஸ்பீக்கரோ ட்ரிம்மரோ நெக்பேண்டோ எது உங்கள் வீட்டில் கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குக் கொண்டு போங்கள். ஆனால் எந்தக் கடையில் கொடுக்கிறீர்கள் என்பதில் எல்லாமே இருக்கிறது. நான் கொடுத்த இடம் எனக்கு முழுத் திருப்தி, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கொண்டு போனது அம்மாவின் மின்நூல் ரீடர். மைக்ரோ யுஎஸ்பி உள்ள பழைய மாடல். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு அச்சுப் புத்தகம் படிப்பது சிரமமாகிவிட்டது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் இதில்தான் படிப்பு முழுவதும். தமிழ் நூல்களை இலவச மின்நூலாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய பழைய நூல்கள், நான் தேடித்தேடிச் சேர்த்த நாவல்கள் எல்லாம் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றியவை. சார்ஜில் இருந்தபோது மேசையிலிருந்து கேபிளோடு விழுந்தது, கேபிளின் முனை தரையில் குத்தி நின்றது. அதிலிருந்து சார்ஜ் விளக்கு எரிந்தும் எரியாமலும் இருந்து, கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. திரையில் ஒரு கீறல் கிடையாது, பேட்டரியும் நன்றாகவே இருந்தது. ஒரு சின்ன உலோகக் கூடு தளர்ந்ததற்காக மொத்தமும் குப்பை என்றால் மனது கேட்குமா?

வெளியில் கேட்டால் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் "இதுக்கு பார்ட்ஸ் வராது சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். ஒரு மாலில் இருக்கும் ரிப்பேர் கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்று 2,800 ரூபாய் கேட்டார்கள். பின், அதாவது கேபிளைச் சொருகும் அந்த உலோகக் கூடு, அதை மட்டும் மாற்ற முடியாதா என்றால் அதெல்லாம் நிற்காது என்று பதில். இது எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம். அந்தப் பின்னின் விலை சில ரூபாய்தான், அதை மாற்றுவது தெரிந்த கைக்கு அரை மணி நேர வேலை. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாமே, முடியவே முடியாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

சரி, கடைக்கு வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இருப்பது இரண்டே பேர், கூட்டம் வந்தால் வேலை கெட்டுவிடும் என்கிறார்கள், அது நியாயம்தான். மவுண்ட் ரோடு பக்கமிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் சிசிடிவி, லேப்டாப் சார்ஜர், வயர் கடைகளையெல்லாம் தாண்டி மாடிப்படி ஏறும் ஒரு சின்னக் கடை. வாசலில் அண்ணன் பொருளை வாங்கி வைக்கிறார், உள்ளே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்து வேலை செய்வது அவர் மனைவி. அக்கா அதிகம் பேசுவதில்லை, ஆனால் கேட்டால் எல்லாம் சொல்கிறார்.

எனக்கு முதலில் பிடித்தது எடுத்த எடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதது. அக்கா முதலில் தன் கேபிளைப் போட்டுப் பார்த்தார். மைக்ரோ யுஎஸ்பியில் பிடித்துக்கொள்ளும் ஸ்ப்ரிங் கேபிள் பக்கம்தான் இருக்கிறது, கருவியின் பக்கம் இல்லை. தேய்ந்தால் கேபிள் தேயட்டும், கருவி பிழைக்கட்டும் என்று யோசித்துத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் லூசாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்குக் கேபிள் மாற்றினாலே போதும். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். எனக்கு முன்னால் வந்த கல்லூரிப் பையனின் போனிலிருந்து பிளாஸ்டிக் குச்சியால் ஒரு பஞ்சுத் திரியையே வெளியே எடுத்தார், பேன்ட் பாக்கெட்டில் சேர்ந்தது. கேபிள் டக்கென்று உட்கார்ந்தது, அவ்வளவுதான் வேலை, காசு வாங்கவில்லை. பின் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பையன் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பான்.

என்னுடையதில் பஞ்சும் இல்லை, கேபிள் பிரச்சினையும் இல்லை. திறக்கும் முன் அக்கா கேட்டார், "இதுக்கு முன்னாடி யாராவது கை வச்சாங்களா தம்பி?"

"இல்லக்கா, இப்பதான் முதல் தடவை."

"அப்ப நல்லது. பேட் பிச்சுக்கிட்டு வந்தாத்தான் கஷ்டம்."

பேட் என்பது போர்டில் பின்னின் கால் ஒட்டும் சின்னச் செம்புத் தகடு. முன்பக்கச் சட்டம் பசையிலும் கொக்கிகளிலும் நிற்கிறது, சூடு காட்டி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் சுற்றிலும் நெம்பி எடுத்தார். அடுத்த வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றியது. இதை எல்லோரும் செய்வதில்லை, செய்யாமல் லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில் சூட்டுக் காற்று அடிப்பது ஆபத்து. பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்த இடம் அங்கே ஒரு மைதானம். இந்தப் பின்னுக்கு மின்சாரமும் டேட்டாவும் போகும் சின்னக் கால் ஐந்து, போர்டோடு பிடித்து நிறுத்தும் பெரிய கால் நான்கு. பெரிய கால்களில் முன்னால் இருந்த இரண்டைச் சுற்றியும் சால்டரில் (காலைப் போர்டோடு ஒட்டும் உலோகப் பற்றில்) வட்டமாக விரிசல். பிடிமானம் போனதால் கேபிளின் எடை முழுவதும் சின்னக் கால்கள் மேல் விழுந்து, அதில் ஒன்று தன் அடியில் இருந்த செம்புப் பேட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் லேசாகப் பச்சைக் களிம்பு. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து தூரமில்லை, உப்புக்காற்றில் இது சகஜம் என்றார். மைக்ரோ யுஎஸ்பி 10,000 தடவை சொருகி எடுக்கத் தாங்கும் என்றுதான் கணக்கு, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் ரீடரில் அந்த எண்ணிக்கையை யாரும் எட்டப் போவதில்லை. பின்னைக் கொல்வது சொருகுவதல்ல, பக்கவாட்டில் விழும் நெம்புதான்.

பழைய பின்னை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே சிக்கலான இடம், இதை நான் நின்று பார்த்தேன். பெரிய கால்கள் எல்லாம் போர்டின் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் போர்டு முழுக்கப் பரவிப் போய்விடுகிறது, சால்டர் சீக்கிரம் உருகாது. பொறுமையில்லாதவர்கள் அந்த நேரத்தில் இழுத்துவிடுவார்கள், பேட்டெல்லாம் பெயர்ந்து வந்துவிடும். அக்கா முதலில் ஒவ்வொரு காலிலும் சால்டர் நன்றாக ஓட உதவும் ப்ளக்ஸ் தடவி, புதிதாகக் கொஞ்சம் ஈயம் கலந்த சால்டரை ஏற்றினார். கம்பெனியில் போடுவது ஈயமில்லாத சால்டர், அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். கடையில் இருப்பது 183 டிகிரியிலேயே உருகிவிடும், இரண்டும் கலந்தால் உருகும் சூடு இறங்கிவிடுகிறது. சுற்றியிருந்த பாகங்களுக்கு மஞ்சள் ஹீட் டேப் ஒட்டிவிட்டு மேலிருந்து சூட்டுக் காற்று கொடுத்தார். ட்வீசரால் இழுக்கவே இல்லை, லேசாகத் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கட்டத்தில் பின் தானாக மிதந்த மாதிரி நகர்ந்தது, அப்போதுதான் தூக்கினார். ஓட்டைகளில் நின்ற சால்டரைச் விக் என்கிற செம்புக் கம்பிப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுத்து, ஆல்கஹாலில் துடைத்ததும் களிம்பும் போய்விட்டது.

புதுப் பின் தேடுவதும் ஒரு வேலை. மைக்ரோ யுஎஸ்பி என்றால் ஒன்றுதானே என்று நினைத்திருந்தோம், ஆனால் கால்களின் இடம், நீளம், உயரம் என்று அத்தனை வகை இருக்கிறது. அண்ணன் ஒரு அறைப்பெட்டியைத் திறந்து பழையதைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பொருத்தம் பார்த்து எடுத்தார். சரியாகப் பொருந்தாததைக் காலை வளைத்து ஒப்பேற்றும் கடைகள் உண்டு, அது கொஞ்ச நாளில் திரும்ப ஆடும்.

பெயர்ந்த பேட் டேட்டாவுக்கானது. இங்கேதான் இந்தக் கடை மேல் எனக்கு மரியாதை வந்தது. ஓரத்தில் இருக்கும் இரண்டு கால்கள் மட்டும் ஒட்டியிருந்தாலே சார்ஜ் விளக்கு எரிந்துவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துப் போய்விடுவார், பல இடங்களில் அத்தோடு முடிந்தது. அக்கா அந்த ஒரு காலுக்கு முடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பி ஒன்றை எடுத்து, போர்டில் அந்தக் காலின் ட்ராக் (செம்புக் கோடு) போய்ச் சேரும் அடுத்த புள்ளி வரை ஜம்பர் போட்டு, மேலே பச்சைப் பேஸ்ட் தடவி யுவி லைட்டில் இறுக்கினார். டேட்டா கால் சார்ஜுக்கும் தேவை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நிறைய சார்ஜர்களுக்குள் டேட்டாக் கம்பி இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும், அதை வைத்துத்தான் இது சுவர் சார்ஜர், தாராளமாக இழுக்கலாம் என்று கருவி புரிந்துகொள்கிறது. அந்த இணைப்பு இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் சொருகியதாக நினைத்துக் கொஞ்சமாக இழுக்கும் கருவிகள் உண்டு. பின் மாற்றிய பிறகு சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகிறது என்று புலம்புகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு காலாகப் பார்த்தார், பக்கத்துக் காலோடு ஷார்ட் இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு குட்டி மீட்டரைச் சொருகி, கேபிளை மேலும் கீழும் இடமும் வலமும் அசைத்துக்கொண்டே எண்ணைப் பார்க்கச் சொன்னார். எண் அசையவில்லை. கடைசியாகக் கடை லேப்டாப்பில் போட்டு ரீடர் தெரிகிறதா, ஒரு ஃபைல் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பசை போட்டு மூடினார். இந்தப் பரிசோதனைக்கு ஆன நேரம் சால்டரிங்குக்கு ஆன நேரத்தைவிட அதிகம்.

இடையில் ஒரு ஆசையில் கேட்டேன், எப்படியும் மாற்றுகிறோம், டைப் சி ஆகவே போட்டுவிடலாமா என்று. போடலாம், ஆனால் இதில் வேண்டாம் என்றார். பாடியில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், போர்டில் அதன் கால்களுக்கு இடமில்லை, அதற்கு மேல் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேசையிலேயே சாட்சி இருந்தது, வேறு எங்கோ சி ஆக மாற்றிய ஒரு ஸ்பீக்கர். பழைய தட்டை முனைக் கேபிளில் சார்ஜ் ஏறுகிறது, இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் ஏறுவதே இல்லை. அந்த ரெசிஸ்டர் இருந்தால்தான் சி சார்ஜர் கரண்டையே விடும். உங்கள் வீட்டில் சி போர்ட் இருந்தும் புது சார்ஜரில் ஏறாத மலிவான டார்ச்சோ ட்ரிம்மரோ இருந்தால், ரிப்பேருக்கு எடுக்கும் முன் ஒரு தடவை பழைய தட்டை முனை சார்ஜரில் போட்டுப் பாருங்கள், பின் நன்றாகவே இருக்கலாம்.

குறைகளும் உண்டு. நெம்பிய இடத்தில் சட்டத்தின் ஒரு மூலை லேசாக வெளுத்திருக்கிறது, உறையில் போட்டால் தெரியாது என்றாலும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள், கேளுங்கள், ஒரு மாத வாரண்டி அதில்தான் எழுதப்படுகிறது. உட்கார இடம் கிடையாது, படி செங்குத்து, வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம். போன் போட்டு முடிந்ததா என்று கேட்டால் எடுப்பதே இல்லை. அக்கா தவிர வேறு யாரும் பெஞ்சில் உட்கார்வதில்லை என்பதால் மாதத் தொடக்கத்தில் பொருள் இரண்டு மூன்று நாள் கிடக்கும். தண்ணீர் புகாத மாடல்களைத் திறந்தால் அந்தத் தன்மை பழையபடி இருக்காது, இதை மட்டும் அண்ணன் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்.

450 ரூபாய்க்கு இது மலிவு என்று சொல்ல மாட்டேன், சரியான கூலி என்பேன். அதே தெருவில் 150 ரூபாய்க்கும் செய்வார்கள், அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றுவீர்களா, பெரிய கால்களையும் சால்டர் செய்வீர்களா, கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவீர்களா? தயங்காமல் ஆமாம் என்று சொல்கிறவர்களிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

அம்மா மறுபடி பழையபடி படிக்கிறார், கேபிள் மட்டும் முனை வளைந்த எல் வடிவக் கேபிளாக மாற்றிவிட்டேன், இழுபட்டாலும் நெம்பு விழுவது குறையும்.

போகிறவர்களுக்கு: அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தும் நடந்துவிடலாம், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் கேபிளையும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள், பாதிப் பிரச்சினை அதில் இருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.